பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதுக் கண்ணாடி

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் தடை தளரும்வரை, இலங்கையில் பழைய மோட்டார் சைக்கிள்களைத் திருத்தித் திருத்தித்தான் ஓட்டவேண்டியிருந்தது. பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலும் அவை இன்றும் ஓடுகின்றன. எஞ்சினுக்குச் செலவழிப்பவர்கள் உடைந்த கண்ணாடியை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாற்ற நினைப்பவர்களும் கடையில் கிடைத்ததை வாங்கி முறுக்கிப் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கண்ணாடித் தண்டின் அடியில் உள்ள மரை எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அது 10 மி.மீ.; பழைய சிறிய ஹோண்டாக்களில் 8 மி.மீ. கண்ணாலேயே வித்தியாசம் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது யமஹாவில் இருக்கிறது. பல யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடிக்கு இடமரை. வழமைக்கு மாறாக, இடப்புறம் சுற்றினால்தான் இறுகும். இதற்கு நல்ல காரணம் உண்டு. எதிரே வரும் ஏதாவது வலக் கண்ணாடியில் மோதினால் தண்டு பின்னோக்கி, வலஞ்சுழியாகத் திரும்பும். சாதாரண மரையென்றால் அது இன்னும் இறுகி, பிரேக் பிடியைத் தாங்கும் அலுமினியப் பகுதியையே பிளக்கலாம். இடமரை தளர்ந்து கொடுத்துவிடும். இது தெரியாமல் பலவந்தமாக முறுக்கினால் அலுமினியத்தில் உள்ள மரை அழிந்துபோகும். அதைத் திருத்துவது கண்ணாடி வாங்குவதைவிடக் கூடிய செலவு. அளவு பொருந்தாவிட்டால் மரை மாற்றும் இணைப்புத் துண்டு போடலாம்.

முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். தடையில்லாமல் ஏறினால் மட்டும் ஸ்பனரை எடுங்கள். பூட்டு நட்டைக் கடைசியில் இறுக்கவேண்டும். அது தளர்ந்திருந்தால் எஞ்சின் அதிர்வில் கண்ணாடி நடுங்கி, பின்னால் வரும் பஸ் வெறும் மங்கலாகத்தான் தெரியும்.

குவிந்த கண்ணாடி அகலமாகக் காட்டும். ஆனால் வாகனங்களைச் சிறிதாக்கி, தூரத்தில் இருப்பதுபோல் காட்டும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் முந்துபவர்கள் வலப்பக்கமாகவே வருகிறார்கள். ஆகவே, ஒன்றைத்தான் இப்போது மாற்ற முடியும் என்றால், வலக் கண்ணாடியை மாற்றுங்கள். வழமைபோல் வண்டியில் அமர்ந்து, தோளின் ஓரம் சிறிது தெரியும்படி அதைத் திருப்பி வையுங்கள்.

மகியங்கனை வீதியின் ‘பதினெட்டு வளைவு’ப் பகுதியில் எந்தக் கண்ணாடியும் போதாது. வளைவில் பின்னால் வரும் வாகனம் கண்ணாடிக்குள் வராது, மலைச்சரிவுதான் தெரியும். அங்கே கழுத்தைத் திருப்பிப் பார்த்தே ஆகவேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய கண்ணாடியைத் தண்டோடு கழற்றிக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.