பேரீச்சம்பழத்துக்குப் போகாத கார்!

வீட்டில் உதவாத பழைய சாமான் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தால், "பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்டிருக்கிறீர்களா? பழைய இரும்பை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுக்கும் வண்டிக்காரர்கள் ஒரு காலத்தில் தெருத்தெருவாக வருவார்கள். அதிலிருந்து வந்த பேச்சு இது.

சரி, ஒரு முழுக் காரையே அப்படிப் போட்டுவிடலாமா? போடலாம். காயலான் கடைக்காரர் எடை பார்த்து, இரும்பு விலையைக் கையில் கொடுத்துவிட்டு இழுத்துப் போய்விடுவார். ஆனால் பழைய கார்களின் அருமை தெரிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள். நாள்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து, தேவைப்படுகிறவர்களுக்கு விற்பார்கள். ஏன் இவ்வளவு பாடு? ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற காரின் கதையைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

1960-களில் நம் நாட்டில் கார் வாங்க நினைத்தவர்களுக்கு முக்கியமாக மூன்றே கார்கள்தான். கல்கத்தா பக்கத்து அம்பாசடர், பம்பாய் ஃபியட், நம் சென்னை ஹெரால்டு. ஆமாம், வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961-ல் தொடங்கி ஹெரால்டைச் செய்தார்கள். உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், கண்டிப்பாக ஞாபகம் வைத்திருப்பார்.

ஆனால் அது பிறந்தது இங்கிலாந்தில். 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வெளிவந்தது. அழகாக வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அப்போது பல நிறுவனங்கள் காரின் உடம்பையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாகப் பற்றவைத்து, ஒரே கூடாகச் செய்ய ஆரம்பித்திருந்தன. டிரையம்ப் நிறுவனத்துக்கு அதில் ஒரு சிக்கல். அவர்களுக்குக் கார் உடம்பு செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது! முழு உடம்பையும் செய்துதர வேறு ஆள் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அடியில் 'சேசிஸ்' என்னும் உறுதியான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்தார்கள். உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து வாங்கி, சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். கூரைகூடப் போல்ட்டில்தான் நிற்கிறது!

அன்று வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு இது. ஆனால் இன்று இதனால்தான் ஒரு ஹெரால்டின் பாகத்தைக் கழற்றி இன்னொரு ஹெரால்டில் மாட்டுவது சுலபமாக இருக்கிறது.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். படிப்பில் சுமார்தான், கையில் ஸ்பேனர் கிடைத்தால் ஆளே வேறு. அவனிடம் இரண்டு ஹெரால்டுகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் சேசிஸ் நன்றாக இருந்தது; கதவுகளும் கண்ணாடிகளும் இல்லை. மற்றொன்று பார்க்க அழகாக இருந்தது. அடியில் போய்ப் பார்த்தால் சட்டம் முழுக்கத் துரு! ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. அழகான காரைப் பிரிப்பதா என்று அதன் சொந்தக்காரருக்கு மனசே வரவில்லை. பாவம், அவருடைய அப்பா வாங்கிய கார். "சார், இந்தச் சட்டத்தோடு ரோட்டில் ஓட்டினால் ஆபத்து. பிரித்தால் இன்னொரு வண்டியாவது ஓடும்" என்று இவன் எடுத்துச் சொன்னான். இரண்டு வாரம் யோசித்துத்தான் அவர் சம்மதித்தார்.

பிரிக்கும் வேலையைப் போய்ப் பார்த்தேன். முதலில் எதையும் கழற்றவில்லை, போட்டோ எடுத்தார்கள்! எந்த ஒயர் எங்கே போகிறது என்பது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காதே. அடுத்து பேட்டரி. பிறகு பெட்ரோல், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் வடித்தார்கள். பெட்ரோல் டாங்க் காலியாகிவிட்டால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே தங்கும் ஆவி, ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும். அமுக்கி வைத்திருக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கும் அப்படித்தான். சரியான கருவி இல்லாமல் அவிழ்த்தால் துள்ளி ஆளை அடித்துவிடும். இதெல்லாம் பெரியவர்கள் வேலை, நீங்கள் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

ஹெரால்டின் பானெட் வேடிக்கையானது. முன்பக்க மட்கார்டுகள், ஹெட்லைட்டுகள் எல்லாவற்றோடும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். திறந்தால் மெக்கானிக் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இன்ஜினைப் பார்க்கலாம். விளக்கு ஒயரைப் பிரித்து, முன்னால் இருக்கும் கீலைக் கழற்றியதும், இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். கியர்பாக்ஸ் எந்த வழியாக வெளியே வந்தது தெரியுமா? காருக்குள்ளிருந்து, இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து!

எல்லாம் இப்படிச் சுலபமாக வரவில்லை. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டார்கள். இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனர் இதற்குச் சரிப்படாது. இங்கிலாந்துக் கணக்கில் செய்தது என்பதால் 7/16, 1/2, 9/16 என்று இன்ச் அளவு ஸ்பேனர்கள் வேண்டும். தப்பான ஸ்பேனரைப் போட்டால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும், பிறகு கஷ்டம்தான். கழற்றிய போல்ட், நட்டு, வாஷரை எல்லாம் பாகவாரியாகச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினான் என் மாணவன். பள்ளியில் நோட்டுக்கு அட்டை போடாதவன்!

எந்தப் பாகத்துக்கு மதிப்பு அதிகம்? இன்ஜினுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஆட்கள் தேடி வந்தது முன் கண்ணாடி, மீட்டர்கள், கதவுக் கைப்பிடி, பெயர் எழுதிய பட்டை போன்றவற்றுக்குத்தான். உடைந்தால் இவற்றைப் பட்டறையில் செய்துகொள்ள முடியாதே. பழைய பிரேக் ஹோஸ்களை மட்டும் விற்கவில்லை, வெட்டிக் குப்பையில் போட்டான். அவற்றை வாங்கி யாராவது மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றையும்விட அரிதானவை இரண்டு பின் கதவுகள். இங்கிலாந்து ஹெரால்டுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது நம் சென்னைத் தொழிற்சாலை மட்டுமே! எனவே பின் கதவு வேண்டுமென்றால் லண்டனில் தேடிப் பயனில்லை. இங்கே காயலான் கடைக்குப் போகும் ஒவ்வொரு நான்கு கதவு ஹெரால்டோடும் இரண்டு பின் கதவுகள் உலகத்தில் குறைகின்றன. இந்தக் காரின் நான்கு கதவுகளும் ஷெட்டிலிருந்த மற்ற ஹெரால்டுக்கே போய்விட்டன.

பழைய காரை அசல் வடிவத்தில் வைத்திருப்பதற்கு இப்போது சட்டத்திலும் இடமுண்டு. 50 ஆண்டுகளைத் தாண்டிய கார்களை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம் என்று 2021-ல் விதி வந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். ஆனால் உடம்பையோ சேசிஸையோ இன்ஜினையோ இஷ்டத்துக்கு மாற்றியிருக்கக் கூடாது. அசல் பாகங்களுக்கு ஆட்கள் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரித்த காருக்கும் கணக்கு முடிக்க வேண்டும். வண்டி இனி ஓடாது என்றால், சொந்தக்காரர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நம்பரை யாராவது திருட்டு வண்டிக்கு மாட்டிவிடலாம் அல்லவா? அதையும் முடித்த பிறகுதான் துருப்பிடித்த சட்டம் காயலான் கடைக்குப் போனது.

மற்ற ஹெரால்டுக்குப் பெயின்ட் வேலை நடக்கிறது. விற்காமல் மிஞ்சிய ஒரு ஹெட்லைட் வளையம் ஷெட் சுவரில் ஆணியில் தொங்குகிறது. வாரம் ஒரு முறை அதைத் துடைத்து வைக்கிறான். கேட்டு இன்னும் ஆள் வரவில்லை.