ஆறு டாலர் ஐ ஷேடோ... கண்ணுக்கு ஒத்துக்குமா?

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடியே ஊருக்கு வந்துவிட்டாள், நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகள். வந்ததும் வராததுமாக என் கையில் ஒரு சின்னப் பெட்டியைத் திணித்தாள். திறந்தால் பன்னிரண்டு குட்டிக் கட்டங்கள். செங்கல் நிறம், செம்பு நிறம், காப்பிப் பொடி, பழுத்த இலை மஞ்சள்... "ஐ ஷேடோ சித்தி! ஆறு டாலர்தான். மெடிக்கல் ஷாப்பில் வாங்கினேன்!"

ஆமாம், மெடிக்கல் ஷாப்பில்தான். அமெரிக்காவில் டிரக்ஸ்டோர் என்றால் ஒரு பக்கம் மருந்து, இன்னொரு பக்கம் ஷாம்பு, சாக்லேட், மேக்கப் எல்லாம் இருக்கும். அங்கே கிடைக்கிற மலிவுச் சரக்குக்கு 'டிரக்ஸ்டோர் மேக்கப்' என்றே பெயர். அக்டோபரில் இலைகள் சிவந்து உதிரும் சமயம், கடையில் ஐ ஷேடோவும் அதே நிறங்களுக்கு மாறிவிடும்.

மலிவு என்றதும் எனக்கு பக்கென்றது. காரணம் இருக்கிறது. இவளுடைய தங்கை, தன் கல்யாண ரிசப்ஷனுக்குப் பெயர், விலாசம் எதுவும் இல்லாத ஒரு பளபளா பவுடரை இமையில் பூசிக்கொண்டாள். மறுநாள் காலை முகூர்த்தம். இமை இரண்டும் பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது! தாலி கட்டுகிற போட்டோவில் இன்றைக்கும் அவளுக்கு அரைக் கண்தான்.

அதனால், நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். டால்க், மைக்கா, சிங்க் ஸ்டியரேட், அயர்ன் ஆக்ஸைடு. பயப்பட ஒன்றுமில்லை. மைக்கா நம்ம காக்காப்பொன்தான். மினுமினுப்பு அதனால் வருவது. ஸ்டியரேட், பவுடர் உதிராமல் தோலில் ஒட்டுவதற்கு. அயர்ன் ஆக்ஸைடு? கோலத்துக்குக் காவி இடுகிறோமே, அந்த நிறத்தைத் தருகிற அதே இரும்புச் சேர்மம். அழகுசாதனத்துக்கு மட்டும் சுத்தமாகத் தயாரித்துச் சேர்க்கிறார்கள். செங்கல், பழுப்பு, மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் இதன் கைவண்ணம்தான். விலை கூடின பெட்டியிலும் அடிப்படைச் சரக்கு அநேகமாக இதுதான். அரைத்த நைஸிலும் பெட்டியின் பகட்டிலும்தான் வித்தியாசம்.

ஒரு கட்டம் மட்டும் இடித்தது. அடர் ரோஸ். அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே, 'கண் பகுதிக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில். ஐ ஷேடோ பெட்டியிலேயே இப்படியா என்று கேட்காதீர்கள். சில பளிச் ரோஸ், ஊதாச் சாயங்களைக் கண்ணருகே பூச அமெரிக்க அரசு அனுமதிப்பதில்லை. அதனால் 'பிரஸ்டு பிக்மென்ட்' என்று பெயரை மாற்றி, குறிப்பும் போட்டு விற்கிறார்கள். கெட்டிக்காரர்கள்!

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1933-ல் அங்கே 'லாஷ் லூர்' என்று ஓர் இமைச் சாயம் வந்தது. அதிலிருந்தது, இன்றும் பல தலைமுடிச் சாயங்களில் இருக்கிற பாராஃபினைலின்டையமின். பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குப் பார்வையே போனது. ஒருவர் இறந்தும் போனார். 1938-ல் அழகுசாதனப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். தலைக்கு டை அடிக்கும்போது, 'கொஞ்சம் புருவத்துக்கும் தடவிக்கலாமே' என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதை இன்னொரு தடவை படியுங்கள்.

நம் நாட்டிலும் விதி உண்டு. அழகுசாதனத்துக்கான நிறப்பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தயாரித்தவர் பெயர், விலாசம், பேட்ச் நம்பர், எந்த மாதத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்பதெல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். இல்லையா? சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

லேபிள் சரியாக இருந்தாலும் உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது தனிக் கேள்வி. உடம்பிலேயே மெல்லிய தோல் கண் இமையில்தான். அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அலர்ஜியும் பூசின உடனே வராது, இரண்டு மூன்று நாள் கழித்தும் வரும். ஆகவே முழங்கையின் உள்பக்கத்தில் ஒரே இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறவர்கள் இதைத் தவறவே விடாதீர்கள். அந்த அரிப்புக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். ஐ ஷேடோவின் நிறப்பொடியிலும் அது துளித்துளி கலந்திருக்கலாம்.

எட்டாம் நாள் நான் பூசிக்கொண்டேன். வெளிர் நிறங்கள் நம்ம மாநிறத்துக்கு விபூதி பூசின மாதிரி இருக்கின்றன. செம்பும் செங்கல்லும் ஜோர்! பிரஷ்ஷை ஒரு தட்டு தட்டி, கண்ணை மூடிக்கொண்டு, இமை முடிக்குச் சற்று மேலேயே நிறுத்திவிட்டேன். இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் இருக்கிறது. அங்கே பவுடர் அடைத்தால் கண் உறுத்தும், கண்கட்டியும் வரலாம். நிறம் எடுப்பாக வரவேண்டும் என்று எச்சில் தொட்டுப் பூசுகிறார்களே, அது கிருமிக்கு வெற்றிலை பாக்கு வைப்பது. அடுத்தவர் பிரஷ்ஷும் வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைப் போட்ட பிறகு மேக்கப். கலைக்கும்போது லென்ஸைக் கழற்றிய பிறகு.

மீறி இமை வீங்கினால்? உடனே கழுவி, குளிர்ந்த ஈரத் துணியை வையுங்கள். வீட்டில் மிச்சமிருக்கிற சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, தொடர்ந்து விட்டுவந்தால் கண் அழுத்தம் ஏறிவிடும். வலியோ, பார்வை மங்கலோ, வெளிச்சம் பட்டால் கூச்சமோ இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

'அரைக் கண்' தங்கையும் எங்களோடு முழங்கையில் தடவிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை கையை நீட்டினாள். செம்பு நிறம் தடவின இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. இப்போது தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட்டுக்கு நாள் கேட்டிருக்கிறோம். எது ஆகாது என்று பெயரோடு தெரிந்துவிட்டால், இனி எந்தப் பெட்டி வாங்கினாலும் பின்னால் திருப்பி அதைத் தேடிக்கொள்வாள்.