முழங்கால் வலிக்கு வயிற்றையும் அளந்து பாருங்கள்



திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். படி ஏறும்போது ஒவ்வொரு முழங்காலும் உடல் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பாரத்தைத் தாங்குகிறது; இறங்கும்போது இன்னும் அதிகம். மூட்டு தேய்ந்தவர்கள் படியை விட்டு வாகனச் சாலையைத் தேடுவதில் வியப்பில்லை. நம் ஆலயங்களிலும், முழங்கால்படியிட இயலாமல் பெஞ்சில் அமர்ந்தே ஜெபிக்கும் தாய்மாரைக் கண்டிருப்பீர்கள்.

"வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். வயதை மாற்ற முடியாதுதான். ஆனால் வயிற்றைக் குறைக்கலாம் அல்லவா?

தொப்பை இருவிதமாய்த் தீங்கு செய்கிறது. முதலாவது அதன் பாரம். தரையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழும்ப நாம் முன்னால் சாய வேண்டும். பெருத்த வயிறு அதைத் தடுக்க, முழங்காலுக்கும் தொடைக்கும் வேலை கூடுகிறது. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருட்களை இரத்தத்தில் கலக்கிறது. இவை மூட்டு வலியை அதிகரிக்கக்கூடும். வலியினால் நடை குறைகிறது, நடை குறைவதால் வயிறு பெருக்கிறது, தொடைத் தசையோ மெலிகிறது.

கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருப்பது நம்மவர்களிடம் சாதாரணம். எடை இயந்திரம் இதைக் காட்டிக்கொடுக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வில், உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளோர் 28.6 சதவீதம்; வயிறு பெருத்தோர் 39.5 சதவீதம். ஆகவே அளவு நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்கவேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைவதாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் கண்டார்கள். அவர்களே 454 பேரிடம் 18 மாதம் நடத்திய மற்றொரு ஆய்வு 2013இல் வெளிவந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, உணவையும் குறைத்தவர்களுக்கு வலி குறைந்தது, நடையும் வேகமானது.

தைலம் தேய்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. அது தொப்பையைக் கரைக்காது, அவ்வளவுதான். இரவுச் சோற்றைப் பாதியாக்கி, காய்கறியும் பருப்பும் கூட்டுங்கள். தேநீரில் சர்க்கரையைக் குறையுங்கள். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை வைத்திருங்கள். காலுக்குப் பத்துமுறை, காலையும் மாலையும். சமதரையில் நடந்து பழகுங்கள். மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடங்கியபடியே பூட்டிக்கொண்டாலோ, பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.