தோட்டத்து மேடை: ஆவேசமும் ஆயத்தமும்

மேடைப்பேச்சுக்கு உணர்ச்சியும் வேண்டும், ஆயத்தமும் வேண்டும். சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் முதலாவதற்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. ஒழுகும் லயக்கூரையும் அரைநாள் சம்பளமான அரைப்பேரும் பேசுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அதனால் கூட்டத்தைக் கொதிக்க வைப்பது அங்கே எளிது. அந்தக் கொதிப்பை ஒரு கோரிக்கையாக்கி, எதிரில் இருப்பவர் மறுக்க முடியாதபடி நிறுத்துவதில்தான் பேச்சாளரின் திறமை தெரியும்.

மலையகத்தின் தொடக்ககாலப் பெரிய மேடைப் பேச்சாளர்களில் ஒருவர் தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர். வெளியாட்களை நிர்வாகிகளான துரைமார் தோட்டத்துக்குள் விடாத காலம் அது. அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போய் நிலைமையை நேரில் அறிந்தார் என்று மலையக வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தபோது, மேடையில் சொல்லவேண்டியது ஏற்கெனவே கையில் இருந்தது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். பாட்டுக்குச் சனம் கூடும், பிறகு பேச்சு நடக்கும். அந்தப் பாட்டுகள் 1940இல் நூலாக அச்சாயின. கேட்பவருக்கு அப்போதே பொங்கிவந்ததாகத் தோன்றிய உணர்ச்சிக்குப் பின்னாலும் எழுதி, மெட்டமைத்து, பழகிய வேலை இருந்தது.

சப்ரகமுவவின் சொந்த உதாரணம் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டம். நேவ்ஸ்மியர் என்பது அதன் ஆங்கிலப் பெயர். கிராமத்தவருக்குக் காணி பகிர்வதற்காக அரசாங்கம் அந்தத் தோட்ட நிலத்தை எடுத்து, தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் போக மறுத்தார்கள். 1946இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் அறிவித்த வேலைநிறுத்தம் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. அத்துமீறித் தங்கியதாகத் தொடரப்பட்ட வழக்கோ இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1950இல் தொழிலாளி பக்கமே தீர்ந்தது. வேலைநிறுத்தத்தைத் தாங்கியது மேடையின் ஆவேசம். நீதிமன்றத்தில் அது செல்லாது. தங்கியிருந்தவரின் எண்ணம் யாரையும் தொந்தரவு செய்வதா, அல்லது தன் குடியிருப்பைக் காப்பதா என்பதே அங்கே கேள்வி. அதற்குச் சட்ட வாதம் வேண்டியிருந்தது. ஒரே நியாயத்தை இரண்டு சபைகளில் இரண்டு விதமாகச் சொல்லவேண்டி வந்தது.

மக்களையும் சட்ட சபையையும் ஒருங்கே அறிந்து பேசியதற்கு அரசியல்வாதி என். எம். பெரேராவைச் சொல்லலாம். இலண்டனில் பாராளுமன்ற நடைமுறையை ஆராய்ந்து பட்டம் பெற்ற அவர், 1936இல் கேகாலை மாவட்டத்து ருவன்வெல்ல தொகுதியிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானார். அதற்கு முன்பே 1934-35 மலேரியாக் காலத்தில் அந்தப் பகுதிக் கிராமங்களில் நிவாரண வேலை செய்திருந்தார். சபையில் புள்ளிவிவரத்தோடு வாதிட்டவருக்கு, அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களை முகம் பார்த்துத் தெரியும். பேச்சுக்கு இதைவிட நல்ல ஆயத்தம் இல்லை.

ஆயத்தம் என்றதும் மனப்பாடம் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடப் பழக்கம். தமிழ் மொழித் தினப் போட்டிக்கு ஆசிரியர் எழுதிக் கொடுத்த தாளைப் பிள்ளை உருப்போடுகிறது. ஒரு சொல் தவறினால் அடுத்த வரி வராமல் நின்றுவிடுகிறது. ஏற்ற இறக்கமும் கையசைவும்கூடப் பழக்கிக் கொடுத்தவை. இது ஆயத்தம் மிகுந்த பேச்சு என்று நினைப்பது தவறு; ஆயத்தமே இல்லாத பேச்சு. திருக்குறள் அவையஞ்சாமை அதிகாரத்தில் கற்பதற்குச் சொல்லும் காரணம் வேறு: சபையில் அஞ்சாமல் மறுமொழி கொடுப்பதற்காகக் கற்கவேண்டும். கேள்வி வந்தால் பதில் சொல்ல முடிகிறதா என்பதே அதன் அளவுகோல்.

சம்பளப் பேச்சில் இந்த அளவுகோல் உடனே தேவைப்படும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோஷம் பல ஆண்டு ஒலித்தது. 2021இல் வர்த்தமானியில் வந்த ஆயிரம், 900 ரூபா சம்பளமும் 100 ரூபா கொடுப்பனவும் சேர்ந்தது. முழுநாள் சம்பளமான முழுப்பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்ற தகராறு அதன் பின்னும் ஓயவில்லை. கோஷத்தை மட்டும் அறிந்த தலைவர், துரை கிலோக் கணக்கை எடுத்ததும் வாயடைத்துப் போவார். கணக்கை மட்டும் அறிந்தவர் பேசினால், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் நிற்கிறவர்கள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார்கள்.

சப்ரகமுவவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன; அலுவலகங்களில் பெரும்பாலும் சிங்களமே நடக்கிறது. தமிழில் கூட்டத்தை உலுக்கிய வார்த்தை அங்கே மொழிமாறும்போது பாதிச் சூட்டை இழக்கும். திகதியும் தொகையும் பெயர்ப்பட்டியலும் எந்த மொழியிலும் அப்படியே நிற்கும்.

ஆகவே எழுதி வைக்கவேண்டியவை கொஞ்சமே: முதல் வாக்கியம், கடைசிக் கோரிக்கை, நடுவில் தப்பக்கூடாத எண்கள், எதிர்த்தரப்பு கேட்கக்கூடிய இரண்டு மூன்று கேள்விகள். மற்றச் சொற்களை எதிரில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். பிள்ளைகளைப் போட்டிக்குப் பழக்கும் ஆசிரியர்கள், பேச்சு முடிந்ததும் சபையிலிருந்து ஒரு கேள்வியாவது கேட்கச் செய்து அதற்குப் பதில் சொல்லவும் பழக்கவேண்டும்.