தறிக்குக் காது வேண்டும்

ஆடிக் காற்று எங்கள் சங்கரன்கோவிலுக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, வேகம் மட்டும் குறையாமல் வரும். குற்றாலத்துக்குச் சாரல், எங்களுக்குப் புழுதி. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் கூடும் அந்த நாட்களில்தான் விசைத்தறிக் கூடங்களில் நூல் அதிகமாக அறும்.

பருத்தி ஈரத்தில் வலுவாகிற இழை. காய்ந்தால் மொடமொடத்து, லேசாக இழுத்தாலே விட்டுப்போகும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் நெசவு சீராக ஓடும். தறிக்கூடத்தில் சன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளிப்பது அதனால்தான். நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும் இழையைக் காக்கத்தான். அடிக்கு அடி அச்சுச் சீப்பு உரசுவதைத் தாங்க அதற்கு ஒரு மேல்பூச்சு வேண்டும். பொறியியல் பட்டம் எதுவும் இல்லாத என் அம்மா இதையெல்லாம் தவறாமல் செய்தாள். காரணத்தை நான் கல்லூரியில் படித்தேன்.

நூலை அறுக்கிற அதே காற்றுதான் கயத்தாறு பக்கம் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி, இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று நாளில் எங்கள் தறி மோட்டாருக்கு வரும் மின்சாரத்தில் அதன் பங்கும் கலந்திருக்கும்.

2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், அதற்கு முன் 750. ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட் இழுக்கும். பத்து மணி நேரம் ஓட்டினால் ஏழரை யூனிட். ஆக, அந்த 1,000 யூனிட் இரண்டு தறிகளுக்குப் போதும். நான்கு தறி வைத்திருக்கும் வீட்டில் ஒரு மாதம் தாண்டியதுமே தீர்ந்துவிடும். அரசாணையைப் படிப்பதைவிட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தறிக்காரர் நிலைமை நன்றாக விளங்கும்.

இனி தறிக்கு வருகிறேன். குறுக்கே ஓடும் ஊடை நூல் சுற்றிய தாரை வயிற்றில் வைத்துக்கொண்டு, நாடா இப்புறமும் அப்புறமும் பறக்கிறது. நிமிடத்துக்கு நூறுக்கும் மேலான தடவை ஒரு மரக்கோல் அதை அடித்து அனுப்புகிறது, மறுமுனையில் பெட்டி அதைத் தடுத்து நிறுத்துகிறது. காதைப் பிளக்கும் சத்தத்தில் பெரும்பங்கு இந்த அடியிலும் தடுப்பிலும் பிறப்பதுதான். ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானே நின்றுவிடும். ஓரத்தில் சின்ன முள்கரண்டி மாதிரி ஒரு துண்டு இருக்கிறது. நூல் இருந்தால் அது இந்தக் கரண்டியைத் தள்ளிவிடும். நூல் இல்லையென்றால் கரண்டி அசையாமல் நின்று, ஒரு கொக்கியில் மாட்டித் தறியை நிறுத்திவிடும். இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த கென்வொர்த்தி, புல்லோ இருவரும் 1842இல் செய்த தறியில் இந்த ஏற்பாடு இருந்தது. நம் தெருக்களில் ஓடுகிற தறிகளில் இன்றும் அதே தத்துவம்தான்.

ஆனால் இது ஊடைக்கு மட்டும். ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தால் பழைய தறிக்குத் தெரியாது. அறுந்த இழை பக்கத்து இழைகளோடு சிக்கி, சேலையில் ஓட்டை விழுந்த பிறகும் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கேதான் மனிதரின் கண்ணும் காதும் வேலைக்கு வருகின்றன. தார் சுற்றிக்கொண்டே அம்மா சொல்வாள்: "ஏட்டி, மூணாம் தறி சத்தம் மாறிட்டுல்லா, போய்ப் பாரு." போய்ப் பார்த்தால் இழை அறுந்திருக்கும்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா இந்தக் குறையைத் தீர்க்கப் பல ஆண்டுகள் உழைத்தார். 1924இல் வந்த அவருடைய தானியங்கித் தறி, பாவு இழை அறுந்தாலும் நின்றது. 1929இல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் நிறுவனத்துக்கு விற்றார்கள். அவர் மகன் தொடங்கிய கார் ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் கைகொடுத்தது. பிழை கண்டதும் இயந்திரம் தானே நிற்க வேண்டும் என்ற பாடம் தறியிலிருந்து கார் ஆலைக்குப் போய், அங்கிருந்து உலகத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் பரவியது. எங்கள் தெருவுக்குத்தான் முழுதாக வந்து சேரவில்லை.

இந்தக் குறை வெறும் சேலைக் கணக்கு இல்லை, காதுக் கணக்கும்தான். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று எல்லை வைக்கின்றன. நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் சத்தம் அதைத் தாண்டும். நாற்பது வயதிலேயே எதிரில் பேசுபவரின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் தறிக்காரர்கள் எங்கள் தெருவில் உண்டு. காதடைப்பான் கொடுத்தால் போட மாட்டார்கள். அதை அலட்சியம் என்று சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது. காதை அடைத்தால் அறுந்த நூலை எப்படிக் கேட்பது? தறி தன் பிழையைத் தானே சொல்லும்வரை அவர்கள் காதுதான் அந்த இயந்திரத்தின் ஒரு பாகம்.

ஆகவே முதலில் தறிக்குக் காது, அப்புறம் மனிதருக்குக் காதடைப்பான். இந்த வரிசை மாறினால் எதுவும் நடக்காது. நாடா இல்லாத ரேப்பியர் தறிகள் வேகமானவை, பாவு அறுந்தாலும் நிற்பவை. ஆனால் அவற்றின் விலை லட்சங்களில். நான்கு தறி வைத்திருக்கும் குடும்பம் அதை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் பழைய தறியிலேயே ஒவ்வொரு பாவு இழை மீதும் மெல்லிய உலோகத் தகடு தொங்கவிடலாம். இழை அறுந்தால் தகடு விழும், மின்சுற்று மூடும், மோட்டார் நிற்கும். புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

நான் பாடம் எடுக்கும் பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு மாணவர்களுக்கு இந்த ஆண்டு இதைத்தான் செய்பணியாகக் கொடுத்திருக்கிறேன். நிபந்தனைகள் மூன்று. தறியின் சட்டத்தை வெட்டக்கூடாது. பஞ்சுத் தூசியில் ஒரு ஆடி மாதம் முழுக்க ஓடிக் காட்ட வேண்டும். கடன் வாங்காமல் ஒரு தறிக்காரர் வாங்கும் விலையில் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் அவர்களைத் திணறடிக்கிறது.