வரிசையா? அவசரமா?



தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கியூவில் ஒருத்தர் நடுவுல புகுந்தா சும்மா விடுவோமா? "வரிசையில வாய்யா!" என்று சத்தம் போடுவோம். அதே நாம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்கி வழி விடுகிறோம். வரிசையும் நியாயம், அவசரமும் நியாயம். இந்த இரண்டும் மோதிக்கொள்ளும் இடம்தான் உறுப்பு தானம்.

2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி தானம் செய்தார்கள். போலீசார் போக்குவரத்தை நிறுத்தி வழி செய்ய, இதயம் சுமார் 11 நிமிடத்தில் முகப்பேர் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டில் தமிழக அரசின் உறுப்பு தானத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

அப்படிக் கிடைக்கும் உறுப்பை யாருக்குக் கொடுப்பது? சிறுநீரகம் கெட்டவர் டயாலிசிஸ் செய்துகொண்டு காத்திருக்க முடியும். அதனால் பதிவு மூப்பு அங்கே செல்லும். இதயமோ எடுத்த பின் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். தூரத்து ஊரில் முதல் ஆள் இருந்தாலும், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால்தான் அது வீணாகாது. கல்லீரல் திடீரென்று செயலிழந்தவருக்கோ நாள் கணக்கில்தான் அவகாசம் இருக்கும். ஆக, ஒரே விதி எல்லா உறுப்புக்கும் ஒத்து வராது.

"எல்லாம் காசு உள்ளவனுக்குத்தான் சார் போகும்!" டீக்கடையில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. கிட்னி வியாபாரத்தால் வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று சொன்ன காலம் உண்டு. 1994-ல் மத்திய அரசு சட்டம் போட்டு விற்பனையைத் தடை செய்தது. 2018-லும், சென்னையில் இதயங்கள் வெளிநாட்டவருக்குப் போகின்றன என்று புகார் எழுந்தது. பொருத்தமான இந்திய நோயாளி இல்லாதபோதுதான் கொடுத்தோம் என்று மருத்துவமனைகள் பதில் சொன்னன.

நியாயம் பார்த்தால் வேலை ஆகாது என்பார்கள் சிலர். இந்த விஷயத்தில் அது தப்புக் கணக்கு. ஐ.சி.யூ. வாசலில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பம் "சரி" என்று சொன்னால்தான் உறுப்பே கிடைக்கும். விதியில் நம்பிக்கை இல்லையென்றால் அவர்கள் "வேண்டாம்" என்பார்கள். அப்புறம் பணக்காரனுக்கும் இல்லை, ஏழைக்கும் இல்லை!

ஆகவே நண்பர்களே, யாருக்கு, ஏன் கொடுத்தார்கள் என்பதை நல்ல தமிழில் எல்லோருக்கும் புரியும்படி சொல்லச் சொல்லிக் கேட்போம். நம் விருப்பத்தையும் இன்றே வீட்டில் சொல்லி வைப்போம். பைக்கில் போகும்போது ஹெல்மெட்டையும் மறக்காமல் போடுவோம்!