காதிரைச்சலுக்குச் சாட்சி உண்டா?

தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து எழும்பும் பயிற்சி விமானங்களின் உறுமலை மாடம்பாக்கம் பக்கத்து மாணவர்கள் கேட்டிருப்பீர்கள். சில நொடிகளில் அது தேய்ந்து மறைந்துவிடும். ஆனால் என்ஜின்களுக்கு அருகிலோ, துப்பாக்கி சுடும் களத்திலோ ஆண்டுக்கணக்கில் பணி செய்த சிலருக்கு, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் ஒலி நிற்பதில்லை. இரவின் அமைதியில் காதுக்குள் 'ஙொய்' என்ற ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கோ எதுவும் கேட்காது. இதுவே காதிரைச்சல். மருத்துவர்கள் டின்னிடஸ் என்பர்.

இத்தகைய முன்னாள் படைவீரர் ஒருவர், "இது என் பணியால் வந்த குறை, இதற்கு ஊன ஓய்வூதியம் வேண்டும்" என்று விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறெவருக்கும் கேட்காத ஒலியை அவர் எப்படி மெய்ப்பிப்பார்? இதில் இயற்பியல் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்று பார்ப்போமா?

டெசிபல் கணக்கு

ஒலியின் செறிவு 10 மடங்கு உயர்ந்தால் 10 டெசிபல் கூடும். 100 மடங்கு உயர்ந்தால் 20 டெசிபல் கூடும். செறிவு இரண்டு மடங்கானால் கூடுவது ஏறத்தாழ 3 டெசிபல்தான்.

ஒரு விமான என்ஜினிலிருந்து 10 மீட்டர் தொலைவில் ஒலி மட்டம் 120 டெசிபல் என்று கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எவ்வளவு இருக்கும்? தொலைவு 100 மடங்கு. எதிர் இருமடி விதிப்படி செறிவு 10,000-இல் ஒரு பங்காகும். ஆகவே 40 டெசிபல் குறைந்து 80 ஆகிவிடும். காற்று உறிஞ்சுவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஒரே விமானத்தின் ஒலி உங்களுக்கு வெறும் சத்தம். பக்கத்தில் நிற்கும் மெக்கானிக்குக்கு அது ஆபத்து.

85 டெசிபல் ஒலியில் நாள்தோறும் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் இந்நேரம் பாதியாகும். அதாவது 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். துப்பாக்கி வெடியோசையின் உச்சம் 150 டெசிபலையும் தாண்டும். காதுறை அணிவது ஏன் கட்டாயம் என்பது இப்போது விளங்கும்.

காது விட்டுச் செல்லும் தடயம்

நம் உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதில் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை இவையே. பேரொலியில் சிதைந்தால் இவை மீண்டும் முளைப்பதில்லை.

எல்லாச் செல்களும் ஒரே சமயத்தில் சிதைகின்றனவா? இல்லை. இங்கேதான் நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் ஒத்ததிர்வுச் சோதனை உதவுகிறது. செவிக்குழாய் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதன் ஒரு முனை திறந்தது; மறு முனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. ஒரு முனை மூடிய குழாயில் ஒத்ததிர்வு ஏற்படும்போது அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. எனவே அலைநீளம் 10 சென்டிமீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் எனில் அதிர்வெண் 3,400 ஹெர்ட்ஸ். இப்பகுதி ஒலியைக் குழாயே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. சேதம் அதற்குச் சற்று மேலே, 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி முதலில் தோன்றுகிறது.

கேள்திறன் சோதனை வரைபடத்தில் இது ஒரு பள்ளமாகத் தெரியும். முதுமையால் வரும் செவிக்குறையில் இப்பள்ளம் இராது. அதிர்வெண் உயர உயரக் கோடு சரிந்துகொண்டே போகும். ஆகவே அந்தப் பள்ளம் பேரொலி விட்டுச் சென்ற தடயம் எனலாம். பணியில் சேரும்போது எடுத்த வரைபடமும் இருந்தால் சாட்சி வலுப்பெறும்.

கருவிக்கு எட்டாதது

ஆனால் இரைச்சலையே அளக்கும் கருவி இல்லை. சோதிப்பவர் பல சுருதிகளை ஒலிக்கச் செய்து, "உங்களுக்குக் கேட்பது இதைப் போன்றதா?" என்று வினவுவார். பெரும்பாலும் செவித்திறன் குறைந்த அதிர்வெண்ணை ஒட்டியே அச்சுருதி அமைகிறது. காதிலிருந்து செய்தி வருவது குறைந்ததும் மூளை தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். நிலையம் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் ஒலியைக் கூட்டினால் 'உஸ்' என்று இரைகிறதல்லவா? அதுபோலத்தான்.

வரைபடம் சீராக இருந்தால் காதில் சேதமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2009-இல் அமெரிக்காவில் சுண்டெலிகளிடம் நடத்திய ஆய்வில், பேரொலிக்குப் பின் செவித்திறன் மீண்ட பிறகும் மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பல அழிந்திருந்தன.

சட்டத்தின் பார்வை

அறிவியல் ஐயத்தில் நிற்கும் இடத்தில் சட்டம் யார் பக்கம் நிற்க வேண்டும்? தரம்வீர் சிங் என்ற படைவீரரின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 2013-இல் இதற்கு விடை தந்தது. அவருடைய நோய் வலிப்பு, காது அல்ல. ஆயினும் தீர்ப்பின் கருத்து பொதுவானது. சேரும்போது பதிவாகாத குறை பின்னர் தோன்றினால், அது பணியால் வந்தது என்றே கருத வேண்டும். அவ்வாறல்ல எனக் காட்டும் பொறுப்பு அரசுடையது.

எனினும் குறைபாடு 20 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது நெடுநாளைய விதி. 2014-இல் ராம் அவதார் வழக்கில், 50 சதவீதத்துக்குக் குறைந்த ஊனத்தை 50 என முழுமைப்படுத்தும் சலுகை பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றோருக்கும் உண்டு என்று தீர்ப்பாயிற்று. 19-க்கும் 20-க்கும் இடையே எவ்வளவு பெரிய வேறுபாடு பாருங்கள்! 2023 செப்டம்பருக்குப் பின் ஓய்வு பெறுவோருக்குப் புதிய விதிகள் உள்ளன. மருத்துவக் குழுவின் முடிவு பாதகமானால் துறைக்குள் மேல்முறையீடு செய்யலாம். பிறகு ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதற்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு.

அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் காதிரைச்சலுக்காக உதவித்தொகை பெறுகிறார்கள். அங்கு இதற்கு 10 சதவீதம் என்று மதிப்பிடுவர். இரு காதிலும் இரைந்தால் இரட்டிப்பு உண்டா? இல்லை என்று 2006-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாணவர்களே, தீபாவளி வெடிக்குப் பின்னரோ ஒலிபெருக்கி அருகில் நின்ற பின்னரோ காது சிறிது நேரம் ரீங்கரித்தால் அலட்சியம் செய்யாதீர்கள். அது எச்சரிக்கை மணி. ஒலி மூலத்திலிருந்து இருமடங்கு தூரம் விலகினால் எத்தனை டெசிபல் குறையும்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை 6. காதைக் காக்கச் செலவில்லாத வழி, நாலடி தள்ளி நிற்பதுதான்.